நிழற்பட விற்பனையும் வரவு செலவுக் கணக்கும்

தொழில் எதுவாயினும் அதற்கு முதல் வேண்டும். இட்ட முதல் மீளுமா, மீளுமாயின் எத்துணைக் காலத்தில் மீளும் என்று ஆராய்ந்த பின்னரே அறிவுடையோர் கையிலுள்ளதை வெளியே விடுவர். வேளாளன் விதையையும் எருவையும் ஆட்கூலியையும் எண்ணிப் பாராது ஏரைப் பூட்டுவதில்லை. வணிகன் கொள்முதல் விலையை அறியாது கடை திறப்பதில்லை. ஆயின் கலையைத் தொழிலாகக் கொண்டோர் மாத்திரம் கணக்கென்றால் முகஞ்சுளிக்கும் வழக்கம் நம்மிடையே இருந்துவருகின்றது. இவ்வழக்கத்தால் விளையும் கேட்டினை, இந்நாளில் இளைஞர் பலர் விரும்பி மேற்கொள்ளும் ஒரு தொழிலைக் கொண்டு ஆராய விழைகின்றோம். அது, 'ஸ்டாக் போட்டோகிராபி' என வழங்கும் இருப்புப் படத்தொழில்.

இருப்புப் படமென்பது யாது? ஒருவர் கேட்க, அவர்பொருட்டு எடுத்துக் கொடுக்கும் படம் அன்று. பின்னர் யாரேனும் வேண்டுவர் என்னும் எதிர்பார்ப்பில் முன்னரே எடுத்துக் களஞ்சியத்தில் சேர்த்து வைக்கும் படமாகும். பத்திரிகை நடத்துவோரும், பாடநூல் பதிப்போரும், விளம்பரம் செய்வோரும் களஞ்சியத்தில் தமக்கு ஏற்றதைத் தேடிக் கண்டு, அதனைப் பயன்படுத்தும் உரிமையை விலைக்குப் பெறுகின்றனர். ஒரே படம் நூறு முறை விலையாகலாம். ஒருமுறையும் விலையாகாது கிடக்கவும் கூடும். திருமணத்திற்குப் படமெடுப்போன் வேலை முடிந்ததும் தன் கூலியைப் பெறுகின்றான். இருப்புப் படம் எடுப்போனோ முதலையும் தானே இட்டு, கூலியைச் சிறுகச் சிறுகப் பல ஆண்டுகள் எதிர்நோக்கியிருக்கின்றான். இவ்வேற்றுமையை உணராமையே இத்தொழிலிற் காணும் நட்டங்களுக்குப் பெரிதும் காரணம் என்பது எமது துணிபு.

இத்தொழிலின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் எச். ஆர்ம்ஸ்ட்ராங் ராபர்ட்ஸ் என்பார் 1920-ம் ஆண்டில் இத்தகைய களஞ்சியம் ஒன்றை ஏற்படுத்தினார். ஜெர்மனியினின்று 1935-ல் வெளியேறி நியூயார்க் சேர்ந்த ஆட்டோ பெட்மன் என்பார், 1936-ல் தம் பெயரால் மற்றொரு களஞ்சியத்தைத் தொடங்கினார். முற்காலத்துக் களஞ்சியங்கள் பலவற்றை நிரப்பியவை, பத்திரிகைக்கும் விளம்பரத்திற்கும் எடுத்தவற்றுள் பயன்படாது எஞ்சிய படங்களாம். படமெடுத்த செலவை முன்னரே வேறொருவர் கொடுத்துவிட்டமையால், எஞ்சிய படம் விற்ற பணமெல்லாம் ஊதியமாகவே நின்றது. மேலும், படம் எத்துணைப் பெரிதாக, எத்தனை பிரதிகளில், எத்தனை காலம் வெளிவரும் என்பதை உசாவி, அதற்கேற்ப விலை விதிக்கும் முறையும் அன்று வழங்கிற்று. ஆகவே ஒரு நல்ல விற்பனையே ஒரு நாட் செலவை மீட்டுத் தருதல் அரிதன்று.

அந்நிலை பின்னர் மாறியது. கனடா நாட்டுக் கால்கரியில் புரூஸ் லிவிங்ஸ்டன் என்பார் 2000-ம் ஆண்டில் தோற்றுவித்த ஐஸ்டாக்போட்டோ, முதலில் படங்களை இலவசமாக மாற்றிக்கொள்ளும் இடமாயிருந்து, பின்னர் மிகக் குறைந்த விலைக்கு விற்கும் அங்காடியாயிற்று. நியூயார்க்கில் ஜான் ஓரிஞ்சர் என்பார் தாமே எடுத்த ஏறக்குறைய 30,000 படங்களைக்கொண்டு 2003-ல் ஷட்டர்ஸ்டாக் என்னும் களஞ்சியத்தைத் தொடங்கிச் சந்தா முறையைப் பரப்பினார். பெருங்களஞ்சியமாகிய கெட்டி இமேஜஸ் 2006-ல் ஐஸ்டாக்போட்டோவை 5 கோடி டாலருக்கு வாங்கியது. மலிவு விற்பனையே வருங்கால வாணிகம் என்பது அன்று விளங்கிற்று. படமெடுப்போர்க்குச் சேரும் பங்கும் சிறியதே. ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூன் மாதத்தில் வகுத்த முறைப்படி அப்பங்கு நூற்றுக்கு 15 முதல் 40 வரை படிப்படியாக உயரும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் நாளன்று யாவரும் மீண்டும் அடிப்படியில் நிற்றல் வேண்டும். ஒரு விற்பனைக்குக் கிடைக்கும் மிகக் குறைந்த தொகை 10 சென்டு. அடோபி ஸ்டாக் நிழற்படங்களுக்கு நூற்றுக்கு 33 வீதம் கொடுக்கின்றது.

ஈண்டு ஒரு கணக்கை எண்ணிப் பார்ப்போம். இரு நண்பர் சமையலறையில் உணவு சமைத்து உண்ணும் காட்சிகளை ஒரு நாள் முழுதும் எடுக்க ஓர் இளைஞர் கருதுகின்றார் எனக் கொள்வோம். படத்திற்கு நிற்பவர் இருவர்க்கும் ரூ.8,000, வீட்டு வாடகை ரூ.3,000, பாத்திரம், காய்கறி, சாப்பாடு முதலியவற்றுக்கு ரூ.3,000, வண்டிச் சத்தம் ரூ.2,000, உதவியாள் கூலி ரூ.2,000. பலர் இவ்வளவில் ரூ.18,000 எனக் கூட்டிக் கணக்கை முடித்துவிடுவர். காமிராவும் லென்சும் விளக்கும் நாள்தோறும் தேய்கின்றன அல்லவோ? அத்தேய்மானத்திற்கு ரூ.2,000 சேர்த்தல் வேண்டும். படமெடுத்த ஒரு நாளும், அவற்றைத் தெரிந்தெடுத்துச் செப்பனிட்டுக் குறிச்சொல் எழுதி அனுப்பும் மூன்று நாளுமாகிய நான்கு நாள் உழைப்பிற்கு, நாளொன்றுக்கு ரூ.1,000 வீதம் ரூ.4,000 சேர்த்தல் வேண்டும். ஆக மொத்தம் ரூ.24,000. தம் உழைப்பிற்கு விலையில்லை என்று கருதுவோர், பிறர் உழைப்பிற்கும் நாளடைவில் விலையில்லை என்று கருதத் தலைப்படுவர். ஆதலின் இக்கடைசி வரியை விடலாகாது.

களஞ்சியங்கள் ஏற்றுக்கொண்ட படங்கள் 120 எனின், படம் ஒன்றுக்கு அடக்கவிலை ரூ.200 ஆகின்றது. டாலர் ஒன்றுக்கு ரூ.80 என எளிமைக்காக வைத்துக்கொண்டால், 10 சென்டு என்பது 8 ரூபாய். இக்குறைந்த தொகையே எப்போதும் கிடைக்குமாயின், முதல் மீள 3,000 விற்பனை நடத்தல் வேண்டும்; ஒவ்வொரு படமும் 25 முறை விலையாதல் வேண்டும். அன்றியும், படம் ஒன்று மாதம் ஒன்றுக்குச் சராசரி ரூ.5 ஈட்டும் எனக் கொண்டால், 120 படங்களுக்கும் மாத வரவு ரூ.600; முதல் மீளும் காலம் 40 மாதம். கடன் வாங்கி இதனைச் செய்தவரை வட்டி அதற்குள் விழுங்கிவிடும். வரியும் உண்டு. அமெரிக்கக் களஞ்சியங்கள் தரும் உரிமைத்தொகையுள் அந்நாட்டில் விளைந்த பகுதிக்கு நூற்றுக்கு 30 வீதம் வரி பிடித்தல் பொதுவிதி. இந்தியாவும் அமெரிக்காவும் 1989-ல் செய்துகொண்ட வரி உடன்படிக்கையால், டபிள்யூ-8பென் என்னும் படிவத்தை நிரப்பித் தரும் நம் நாட்டார்க்கு அது 15 வீதமாகக் குறைகின்றது. ஒரு படிவத்தை நிரப்பச் சோம்பி வரவில் ஒரு பகுதியை இழத்தல் பேதைமையன்றோ?

ஆகவே செலவை முதலில் வகுத்துப் பின்னர் வரவை எதிர்பார்த்தல் தவறு என்கின்றோம். வரவை முதலில் மதிப்பிட்டு, அதற்குள் அடங்குமாறு செலவை வகுத்தலே முறை. தம் பழைய ஏட்டைப் பார்த்து, தம்முடைய படம் ஒன்று மாதம் என்ன ஈட்டுகின்றது எனக் காண்க. ஒரு நாளில் எத்தனை படம் தேறும் என மதிப்பிடுக. இவ்விரண்டையும் பெருக்கி, முதல் எத்தனை மாதத்தில் மீளவேண்டுமோ அத்தனையால் மீண்டும் பெருக்குக. வருவதே செலவின் உச்சவரம்பு. மேற்கூறிய இளைஞர் 24 மாதத்தில் முதலை மீட்க விரும்பின், 120 படம், ரூ.5, 24 மாதம் ஆகியவற்றின் பெருக்கம் ரூ.14,400. அவர் ரூ.24,000 செலவிடத் துணிந்தால், அன்று 200 படமேனும் தேறுதல் வேண்டும். பழைய ஏடு இல்லாத புதியவர், வீட்டிலும் தெருவிலும் பொருட்செலவின்றி எடுக்கக்கூடிய படங்களை அனுப்பி, ஓராண்டு ஏடு எழுதிய பின்னரே பெருஞ்செலவில் இறங்குதல் நன்று. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்னும் பழமொழி இத்தொழிலுக்கென்றே பிறந்ததுபோலும்.

செலவைக் குறைக்கவும் வரவைப் பெருக்கவும் நேரிய வழிகள் பல. ஒரே வீட்டில் காலையில் சமையலும், பிற்பகலில் படிப்பும், மாலையில் முதியோர் உரையாடலும் எடுப்பின் வாடகை மூன்று பொருளுக்குப் பகிர்ந்துவிடும். அங்கேயே சிறு சிறு சலனப் படங்களும் எடுத்துவைத்தால் அதே செலவில் இரண்டாம் வரவு உண்டாகும். ஒரு களஞ்சியத்திற்கே எனக் கட்டுப்படாதார், ஒரே படத்தைப் பல களஞ்சியங்களுக்கு அனுப்பலாம். தீபாவளிப் படத்தைத் தீபாவளிக்கு முன்வாரம் அனுப்புவோர் சந்தை கலைந்தபின் கடை விரிப்போரை ஒப்பர்; வாங்குவோர் பல மாதங்களுக்கு முன்னரே தேடத் தொடங்குகின்றனர்.

ஆயினும் ஒரு செலவைக் குறைத்தல் எக்காலும் தகாது. அது படத்திற்கு நிற்பவர்க்கு உரிய ஊதியம். ஒருவர் முகம் விளங்கும் படத்தை விளம்பரத்திற்கு விற்க, 'மாடல் ரிலீஸ்' என்னும் ஒப்புதற் பத்திரத்தில் அவர் கையொப்பம் வேண்டும். சிறுவராயின் பெற்றோர் கையொப்பம் வேண்டும். அஃது இல்லாத படம் செய்தி முதலிய பயனுக்கு மாத்திரமே செல்லும். அப்பத்திரத்தால் அவர் தருவது எத்துணைப் பெரிது என எண்ணுவோமாக. அவர் முகம் அவர் அறியாத நாட்டில், அவர் வாங்காத பண்டத்திற்கு, பல்லாண்டு சான்றாக நிற்கும். படமெடுப்போன் ஒவ்வொரு விற்பனையிலும் பங்கு பெறுவான்; அவரோ அன்று பெற்றதோடு சரி. வயலில் நிற்கும் ஏழை மூதாட்டியிடம் ஒரு தேநீருக்குரிய காசைக் கொடுத்து, படிக்கத் தெரியாத பத்திரத்தில் கைந்நாட்டு வாங்குதல் சிக்கனம் அன்று. அது கொள்ளையின் பாற்படும். பத்திரத்தின் பொருளை அவர் தாய்மொழியில் விளக்கி, மறுக்க இடந்தந்து, ஒரு நாட் கூலிக்குக் குறையாது கொடுத்த பின்னரே காமிராவைத் திறத்தல் வேண்டும். அதற்குக் கணக்கு இடந்தராதாயின், அப்படத்தை எடாது விடுவதே அறம்.

'கலையைக் கணக்கிற்குள் அடக்கலாமோ? சிறந்த படங்கள் எதிர்பாராது அமைவன அல்லவோ?' என்று வினவுவர் சிலர். அவர் கூற்றிலும் உண்மை உண்டு. சார்லஸ் ஓரியர் என்பார் 1996-ம் ஆண்டில் கலிபோர்னியாவின் சொனோமா பகுதியில் காரிற் செல்லும்போது, பசும்புல் போர்த்த குன்றொன்றையும் அதன்மேல் மிதந்த வெண்முகிலையும் கண்டு படமெடுத்தார். அது களஞ்சியத்தில் கிடந்து, 2000-ல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரால் வாங்கப்பெற்று, 2001-ல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளின் திரையிலெல்லாம் தோன்றி உலகம் அறிந்த படமாயிற்று. அதற்கெனத் திட்டமும் இல்லை, தனிச்செலவும் இல்லை. ஆனால் அவர் அதற்குமுன் பல்லாண்டு இத்தொழிலிற் பயின்றவர் என்பதை மறத்தலாகாது. நற்பேறு வந்தால் வரவேற்போம். அதனை வரவுப் பக்கத்தில் முன்கூட்டி எழுதுதல் கூடாது. கணக்கு கலைக்கு விலங்கு அன்று. அடுத்த படத்தை எடுக்கக் கையில் பொருளை மிச்சப்படுத்தி வைக்கும் காவலே ஆகும்.

மற்றுஞ் சிலர், 'இயந்திர அறிவே நொடியிற் படம் வரைந்து தருங்கால், செலவிட்டுப் படமெடுப்பானேன்?' என்பர். கெட்டி நிறுவனம் 2022 செப்டம்பரில் அத்தகைய படங்களை ஏற்பதில்லை என்று அறிவித்தது. அடோபி நிறுவனமோ அவ்வாண்டு டிசம்பரில், இயந்திரப் படமென்று குறித்துத் தரவேண்டும் என்னும் நிபந்தனையுடன் அவற்றை ஏற்க முற்பட்டது. வெறுஞ்சுவரின்முன் கைகுலுக்கும் கனவான்களின் படத்திற்கு இனிப் பொருள் செலவிடுதல் வீணே. ஆனால் தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாருவோரின் கையும், காஞ்சிபுரத்துத் தறியில் இழை கூட்டுவோரின் விரலும் மெய்யாகவே இருந்தன, அவர் ஒப்புதலும் பெறப்பட்டது என்று சான்று கூறுதல் இயந்திரத்தால் இயலாது. ஆகவே செலவிடத் தக்க இடம் இதுவே: மெய்யான மக்கள், மெய்யான தொழில், மெய்யான இடம். அவற்றை அருகிலிருந்து அறிந்த நம் இளைஞர்க்கு வண்டிச் சத்தமும் குறைவு, மொழியறிவும் துணை.

இளைஞர்காள்! புதிய லென்ஸ் வாங்குமுன் ஓர் ஏடு வாங்குங்கள். இடப்பக்கத்தில் தேய்மானத்தையும் உங்கள் உழைப்பையும் மறையாது எழுதுங்கள். வலப்பக்கத்தில் களஞ்சியம் தந்ததை, பத்துச் சென்டாயினும், நாளிட்டு எழுதுங்கள். முன்னாண்டில் எடுத்த படம் தன் முதலை மீட்டதா எனக் கண்டு, மறு ஆண்டின் செலவை அதனால் அளந்துகொள்ளுங்கள். பெற்றோர் சேர்த்த பொருளையும், படத்தில் நின்றவர் தந்த நம்பிக்கையையும் ஒருங்கே காக்கும் வழி இஃதன்றி வேறொன்றை யாம் அறியோம்.