விழுந்தால்தான் சைக்கிள் வருமா?

 

இந்த மாதம் நான் எடுத்துக்கொண்ட தலைப்பைக் கேட்டால் சில பேர் சிரிப்பீர்கள். "சைக்கிள் ஓட்ட வகுப்புக்குப் போகணுமா?" என்பதுதான் அது. டவுனில் ஒரு குழு கோடை விடுமுறையில் மலைச் சைக்கிள் பயிற்சி நடத்துகிறது. இரண்டு நாள் வகுப்பு. கட்டணம் 1,500 ரூபாய். அந்த நோட்டீஸ் நம் ஊர் டீக்கடைச் சுவரிலும் ஒட்டியிருந்தது. படித்தவர்கள் எல்லாம் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். "விழுந்து எந்திரிச்சா தானா வந்துட்டுப் போகுது. இதுக்கு வாத்தியார் வேறயா?"

இந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்கக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் எதிரணி பேசுவதைக் கேட்போம். பட்டிமன்றத்தில் அதுதானே முறை! அவர்கள் சொல்வது மூன்று. ஒன்று, நம் அப்பா, மாமா எல்லோரும் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுத்தான் பழகினார்கள், யாரும் வகுப்புக்குப் போகவில்லை. இரண்டு, 1,500 ரூபாய் என்பது நம் வீடுகளில் பல நாள் கூலி. மூன்று, அந்தப் பயிற்சி கியர் வைத்த, ஷாக் வைத்த விலை கூடின சைக்கிளுக்கு. நம்மிடம் இருப்பது கேரியரும் கூடையும் வைத்த சாதா சைக்கிள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மூன்றுமே நியாயமான பேச்சுத்தான். இன்னொன்றும் நானே சேர்த்துச் சொல்கிறேன். மலைச் சைக்கிளைக் கண்டுபிடித்தவர்களுக்கே வாத்தியார் கிடையாது. 1970-களில் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் என்ற மலைப் பகுதியில் சில இளைஞர்கள் பழைய கனமான சைக்கிள்களை மேலே ஏற்றிக்கொண்டு போய் மண் பாதையில் இறக்கி ஓட்டினார்கள். 1976-ல் அங்கே ஒரு பந்தயம் தொடங்கினார்கள். பெயர் "ரீபேக்". அந்தச் சைக்கிள்களில் பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கிற பிரேக்தான் இருந்தது. ஒரு தடவை இறங்குவதற்குள் சூடு ஏறி, உள்ளே இருக்கிற கிரீஸ் புகைந்து போய்விடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த இறக்கம். அப்படி மறுபடி அடைப்பதைத்தான் இங்கிலீஷில் ரீபேக் என்கிறார்கள். அந்த விளையாட்டு 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக் வரை போனது. ஆண், பெண் இருவருக்கும் அந்த ஆண்டே பந்தயம் வைத்தார்கள்.

ஆக, விழுந்தும் கற்கலாம். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவர் பல வருஷம் விழுந்து கற்றதை அடுத்தவருக்கு ஒரு நாளில் சொல்லிக் கொடுக்கலாமே! பள்ளிக்கூடம் என்பதே அதற்குத்தானே இருக்கிறது? பூஜ்ஜியத்தை நாம் ஒவ்வொருவரும் புதிதாகக் கண்டுபிடிக்கிறோமா?

சரி, அந்த வகுப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? எங்கள் தெரு அண்ணன் ஒருவர் போன வருஷம் அதில் சேர்ந்து படித்தார். அவர் எனக்கும் என் தோழிகள் நாலு பேருக்கும் களத்தில் வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அதில் முக்கியமானதை எழுதுகிறேன்.

1. பிரேக்: பஸ் திடீரென்று நின்றால் நாம் எல்லோரும் முன்னால் சாய்கிறோம் அல்லவா? சைக்கிளிலும் அப்படித்தான். பிரேக் பிடித்ததும் எடை முன் சக்கரத்துக்குப் போகிறது. பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. அதனால் பின் பிரேக்கை மட்டும் இறுக்கினால் சக்கரம் நின்று, சைக்கிள் சறுக்கிக்கொண்டே போகும். நிறுத்துகிற பலம் முன் பிரேக்குக்குத்தான் அதிகம். ஆனால் அதைத் திடீரென்று ஒரே பிடியாகப் பிடித்தால் ஆளைத் தலைகுப்புறத் தள்ளும். அதனால் இரண்டையும் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த வேண்டும். அதே நேரம் இடுப்பைப் பின்னால் தள்ளி, கையை உறுதியாக ஊன்ற வேண்டும். உங்கள் சைக்கிளில் எந்தக் கைக்கு முன் பிரேக் என்று இப்போதே யோசித்துப் பாருங்கள். நான் கேட்டபோது பல பேர் கையை விரித்துப் பார்த்து முழித்தார்கள்!

2. பார்வை: பள்ளத்தையே பார்த்தால் சைக்கிள் பள்ளத்துக்குத்தான் போகும். போக வேண்டிய வழியைப் பார்க்க வேண்டும். கண் போகிற பக்கம் தோள் திரும்பும், தோள் போகிற பக்கம் சைக்கிள் திரும்பும்.

3. நிற்கும் விதம்: மேடு பள்ளத்தில் சீட்டில் அழுந்தி உட்காரக் கூடாது. இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் வைத்து, லேசாக எழுந்து, முழங்காலையும் முழங்கையையும் மடக்கி வைக்க வேண்டும். நம் முட்டியே நமக்கு ஷாக். கடையில் வாங்க வேண்டியதில்லை!

4. சல்லியும் வளைவும்: வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைக்க வேண்டும். வளைவுக்குள் போன பிறகு பிரேக்கை இறுக்கக் கூடாது. சல்லி கிடக்கிற இடத்தில் ஹேண்டில்பாரை வெடுக்கென்று திருப்பக் கூடாது.

5. மழை: ரிம் நனைந்திருந்தால் பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத்தான் துடைக்கும், அப்புறம்தான் பிடிக்கும். அதனால் மழையில் முன்கூட்டியே பிடிக்க ஆரம்பிக்க வேண்டும்.

இதில் எந்த ஒன்றுக்காவது கியர் சைக்கிள் தேவையா? சொல்லுங்கள் பார்ப்போம். எதிரணியின் மூன்றாவது பேச்சு இதோடு முடிந்தது.

வெறும் வாய்ப்பேச்சு வேண்டாம் என்று நாங்கள் அளந்தும் பார்த்தோம். களத்தில் சுண்ணாம்புக்கோடு போட்டோம். ஒரே மாதிரி வேகத்தில் வந்து, கோட்டில் பிரேக் பிடிக்க வேண்டும். பின் பிரேக்கை மட்டும் பிடித்தபோது என் சைக்கிள் கோட்டைத் தாண்டி 22 காலடி போய் நின்றது. இடுப்பைப் பின்னால் தள்ளி இரண்டையும் சேர்த்துப் பிடித்தபோது 12 காலடி. மற்ற நாலு பேருக்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். அந்தப் பத்துக் காலடிக்குள் ஒரு ஆட்டுக்குட்டி நிற்கலாம். ஒரு குழந்தை நிற்கலாம். ஒரு லாரிச் சக்கரம்கூட நிற்கலாம்.

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் "இயக்கம்" பாடத்தில் ஒரு சமன்பாடு படிக்கிறோம். அதை வைத்துப் பாருங்கள். வேகம் வினாடிக்கு 5 மீட்டர் (மணிக்கு 18 கி.மீ.), பிரேக்கின் எதிர்முடுக்கம் 2.5 என்று வைத்துக்கொண்டால் நிற்க 5 மீட்டர் ஆகும். இறக்கத்தில் வேகம் இரண்டு மடங்கானால் (மணிக்கு 36 கி.மீ.) நிற்க 10 மீட்டர் இல்லை, 20 மீட்டர் ஆகும்! வேகம் இரண்டு மடங்கு, தூரம் நாலு மடங்கு. இதை நாம் பரீட்சைக்கு மட்டும்தான் எழுதுகிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். சைக்கிள் பயிற்சி என்றால் இந்தச் சுரைக்காய் கறிக்கும் உதவும்.

இனிமேல்தான் நான் உண்மையாகச் சொல்ல வந்த விஷயம்.

"விழுந்தால்தான் வரும்" என்று சொல்கிறார்களே, அது யாருக்கு? நம் ஊர்ப் பக்கத்தில் ஒரு அக்கா. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தார், அரசு கொடுக்கிற விலையில்லா சைக்கிளும் கிடைத்தது. கிடைத்து மூன்றாவது வாரம் கண்மாய்க்கரை இறக்கத்தில் வேகம் கூடிப் பயந்துபோய், முன் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்துவிட்டார். குப்புற விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரத்தில் கட்டுப் பிரித்தாயிற்று. கை கூடிவிட்டது. ஆனால் சைக்கிள் அவர் கைக்குத் திரும்ப வரவில்லை. "பொம்பளப் பிள்ளைக்குக் கை கோணிப் போனா யாரு கட்டுவா?" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். காலை பஸ்ஸை விட்டால் வேறு வழி இல்லை. லீவு கூடியது. அரையாண்டோடு படிப்பு நின்றது. இப்போது அந்த அக்கா பஞ்சு மில் வண்டியில் ஏறிப் போகிறார்.

அதே இறக்கத்தில் அதே வருஷம் ஒரு அண்ணனும் விழுந்தார், அதுவும் இரண்டு தடவை! அவருடைய அப்பத்தா மஞ்சள் பத்துப் போட்டு, "ஆம்பளப் பிள்ளை, விழுந்து எந்திரிச்சாத்தான் கெட்டிப்படும்" என்றார். மறுநாள் அவர் அதே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனார்.

தோழிகளே, இதுதான் வித்தியாசம். ஆண் பிள்ளை பத்துத் தடவை விழலாம். நமக்கு ஒரு தடவைதான். ஒரே தடவை விழுந்தாலும் சைக்கிள் போய்விடும், சைக்கிளோடு பள்ளிக்கூடமும் போய்விடும். அப்படி இருக்க, விழுந்து கற்றுக்கொள் என்று நம்மிடம் சொல்வது என்ன நியாயம்? விழ அனுமதி இல்லாதவர்களுக்குத்தான் பயிற்சி முதலில் வேண்டும். விழுந்தால் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்பதும் சரிதான். அதற்கும் நாம் பேச வேண்டும். ஆனால் வீடு மாறுகிற வரைக்கும் அந்த இறக்கம் காத்திருக்காது.

சொல்லிக் கொடுத்தால் நடக்கும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம். நம் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-92-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். கூலி வேலைக்குப் போகிறவர்கள், கல் குவாரியில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் ஊர் ஊராகப் பழகினார்கள். சைக்கிளுக்கென்றே பாட்டுக் கட்டிப் பாடினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். ஒரு ஊரில் ஒரு பெண் தனியாக ஓட்டினால் கேலி. ஐம்பது பெண்கள் ஒன்றாக ஓட்டினால் யார் கேலி பண்ண முடியும்? கூட்டமாகக் கற்றுக்கொள்வதில் அந்த லாபமும் இருக்கிறது.

அப்படியானால் 1,500 ரூபாய் கட்டி அந்த வகுப்பில் சேரலாமா? என் தீர்ப்பு இது. மலைப் பாதையில் ஓட்டப் போகிறவர்கள், பந்தயத்துக்குப் போக ஆசைப்படுகிறவர்கள், வீட்டில் வசதி உள்ளவர்கள் தாராளமாகச் சேரலாம். பணம் வீண் இல்லை. ஆனால் இரண்டு நாள் போய்விட்டு அப்புறம் பழகாமல் விட்டால் அது மொய் எழுதிய மாதிரிதான். வகுப்புக்குப் போய் வந்தோம் என்ற தைரியத்தில் வேகம் கூட்டினால் இன்னும் மோசம். நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கட்டணம் தேவை இல்லை. அந்தப் பாடம்தான் தேவை. பாடத்தை நாமே இங்கே நடத்தலாம்.

"முதல்ல ரோட்டைச் சரி பண்ணச் சொல்லுங்க" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். உண்மைதான். அந்தச் சல்லியை அள்ளச் சொல்லி மே 1 கிராம சபையில் மனு கொடுப்போம். ஆனால் நல்ல ரோட்டிலும் மழை பெய்யும், மாடு குறுக்கே வரும். ரோடும் வேண்டும், பழக்கமும் வேண்டும்.

ஆகையால் தலைமை ஆசிரியர் ஐயா அவர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர் அவர்களுக்கும் இந்த இதழ் மூலமாகப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நம் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரைதான். அதற்குப் பிறகு 6 கிலோமீட்டர் போக வேண்டும். சைக்கிள் கிடைப்பது பதினொன்றில். பழகுவதற்கு நேரம் இப்போதுதான். எட்டு சனிக்கிழமை, ஒரு மணி நேரம் போதும். மைதானத்தில் சுண்ணாம்புக்கோடு, வரிசையாக வைக்க நாலு செங்கல், சல்லி கொட்டிய பத்தடி இடம். சைக்கிள் கடை மாமா ஒரு நாள் வந்து பிரேக் கட்டை, செயின், கேபிள் பார்ப்பதற்குச் சம்மதம் சொல்லிவிட்டார். தெரு அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கடைசி சனிக்கிழமை ஆசிரியர் முன்னால் போக, எல்லோரும் கண்மாய்க்கரை இறக்கத்தில் ஒவ்வொருவராக இறங்க வேண்டும். அம்மா, அப்பாக்களையும் அன்றைக்கு அழைக்க வேண்டும். நம் பிள்ளை பிரேக் பிடித்துக் கோட்டில் நிற்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தவர்கள் சைக்கிளைப் பிடுங்கி வைக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

சேர விரும்புகிறவர்கள் ஆறாம் வகுப்பு முதல் யார் வேண்டுமானாலும் என்னிடம் பெயர் கொடுக்கலாம். சைக்கிள் இல்லாதவர்களும் கொடுக்கலாம், எங்கள் ஐந்து பேருடைய சைக்கிள் இருக்கிறது. இதுவரை 17 பெயர் சேர்ந்திருக்கிறது. அதில் 11 பேர் பெண்கள். என் கருத்துக்கு மறுப்பு இருந்தால் அரைப் பக்கத்துக்குள் எழுதி ஆசிரியர் குழுவிடம் கொடுங்கள். அடுத்த இதழில் இதே சுவரில் பதில் எழுதுகிறேன்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி