பனிமலையும் பாதமும்

குளிர்கால விடுமுறை வந்தால் நம் சங்கத்து மாணவர் பலர் உத்தராகண்டத்துக் கேதார்காந்தா போன்ற பனிமலைகளுக்குப் புறப்படுகின்றனர். போகவேண்டியதுதான். வடக்கே படிக்க வந்தும் இமயத்தைக் காணாமல் ஊர் திரும்புவதா? ஆனால், அவர்கள் மூட்டை கட்டும் முறை எனக்கு உடன்பாடன்று. உடம்புக்கு உயர்ந்த கோட்டு வாங்குகிறார்கள். காலுக்கோ வகுப்புக்கு அணியும் பருத்திக் காலுறைகளையே மூன்று சோடி மாட்டிக்கொள்கிறார்கள்.

இது காப்பன்று, கேடு. பௌதிகம் பயில்பவன் என்ற முறையில் காரணம் கூறுகிறேன். நமக்குக் கதகதப்பைத் தருவது துணியன்று. துணிக்குள் அசையாது நிற்கும் காற்று. மூன்று உறைகளைப் பூட்ஸுக்குள் திணித்தால் அக்காற்று நசுங்கி வெளியேறும். இரத்த ஓட்டமும் குறையும். வெளியிலுள்ள பனியைப் போலவே உள்ளே ஊறும் வியர்வையும் பகைதான். தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். பருத்தி நனைந்தால் துவண்டு தோலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளியோ ஈரத்தை உள்வாங்கிய பின்னும் சுருள் குலையாமல் காற்றைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே கெட்டிக் கம்பளி உறை ஒன்று, விரல்களை அசைக்க இடமுள்ள நீர் புகாத பூட்ஸ், பனி மேலிருந்து விழாமல் தடுக்கும் கெய்ட்டர், இரவுக்கென உலர்ந்த மாற்று உறை: இவை வேண்டும். பூட்ஸைக் கூடாரத்துக்கு வெளியே விடக்கூடாது. 1953-இல் எவரெஸ்டின் உச்சியை அடைந்த நாளன்று காலை, ஹில்லாரி கல்லாய் உறைந்த தம் பூட்ஸை அடுப்பில் காட்டி இளக்கவே இரண்டு மணி நேரம் ஆயிற்று.

இவற்றையெல்லாம் காசு கொடுத்து வாங்கிவிடலாம். வாங்க முடியாதது ஒன்றுண்டு. வாய் திறந்து சொல்லும் துணிவு. "மதராஸிக்குக் குளிர் தாங்காது" என்று உடன்வருவோர் சிரிப்பார்களே என அஞ்சி, கால் மரத்த பின்னும் நம்மவர் பேசாமல் நடக்கிறார்கள். வலி நின்றுவிட்டதென்று மகிழ்வோரும் உண்டு. வலி நிற்பதுதான் அபாய அறிவிப்பு! 1950-இல் அன்னபூர்ணா சிகரத்தை எட்டிய எர்ஸோக், லாஷெனால் இருவரும் கால்விரல்கள் அனைத்தையும் பனிக்கு இழந்தனர். அவர்கள் வெயில் நாட்டவரல்லர். ஆல்ப்ஸில் பழகிய பிரெஞ்சு வீரர்கள். பனி யாருடைய ஊரையும் விசாரிப்பதில்லை.

நண்பர்களே, விரல் மரத்தால் உடனே சொல்லுங்கள், நில்லுங்கள். பனியால் தேய்க்காதீர்கள், தோழனின் வயிற்றோடு பாதத்தை அணைத்துச் சூடேற்றுங்கள். நம் சங்கமும் கம்பளி உறைகளும் கெய்ட்டர்களும் பன்னிரண்டு சோடி வாங்கிவைத்து, நூலகப் புத்தகம்போல் இரவல் தரலாம். மலை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். இழந்த விரல் திரும்ப வராது.