வாசலில் மராத்தி, வீட்டில் தமிழ்

தாராவி, சயான் கோலிவாடா சந்துகளில் வளரும் தமிழ்க் குழந்தைகளின் மழலையைக் கேட்டால் சிரிப்புத் தாங்காது. "அம்மா, பாணி வேணும்" என்பான் இரண்டு வயதுப் பயல். பக்கத்து வீட்டு மராத்திக் குழந்தை "ஆயி, ஆயி" என்று தாயைக் கூப்பிட்டு அழும்; ஊரிலிருந்து புதிதாக வந்த தமிழ்ப் பெண்ணோ அதைக் கழிப்பிடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவாள்!

சிரித்துவிட்டுப் போனால் சரி. ஆனால், பல மொழி கேட்டுக் குழந்தை குழம்புகிறது, பள்ளியில் இடம் கிடைக்காது என்று அஞ்சும் சில பெற்றோர், வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு, தங்களுக்கே சரியாக வராத ஆங்கிலத்தைப் புகட்டுகிறார்கள். இது வேண்டாத வேலை.

ஒரு வயதை ஒட்டி முதல் சொல். இரண்டு வயதை ஒட்டி இரு சொல் சேர்த்த பேச்சு. பல மொழி கேட்கும் குழந்தைக்கும் கணக்கு இதுதான். ஆனால் எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். யாரிடம் எதைப் பேசுவது என்பதைப் போகப்போகக் குழந்தையே பிரித்துக்கொள்ளும். இரண்டு வயது கடந்தும் சொற்கள் சேராவிட்டால் மருத்துவரிடம் காட்டுவதே முறை. தமிழைக் குற்றம் சொல்வதல்ல.

மராத்தியும் இந்தியும் வாசலிலேயே கிடைக்கும். ஆங்கிலத்தைப் பள்ளி தரும். தமிழுக்கு வீடு ஒன்றுதான் இடம். விடியற்காலை லோக்கல் ரயிலைப் பிடித்து, குழந்தை தூங்கிய பின் திரும்பும் தகப்பன்மார், முதல் நடையையும் முதல் சொல்லையும் பெரும்பாலும் மனைவி சொல்லித்தான் அறிகிறார்கள். விடுமுறை நாளிலாவது அவர்கள் குழந்தையோடு தமிழில் பேசட்டும். கோடையில் நெல்லைக்குப் போனால் ஆச்சி கேட்பதற்குப் பேரன் பதில் சொல்ல வேண்டாமா? துபாஷி வைத்துக்கொண்டா அவள் பேரனைக் கொஞ்சுவாள்?