குட்டிக்குப் போர்வை வேண்டாம், மேட்டு நிலம் வேண்டும்

ஐப்பசி பிறந்தால் கோடியக்கரை மட்டக்குதிரைகளுக்குச் சோதனைக் காலம் தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழையில் சரணாலயத்துப் புல்வெளி முழுக்கத் தண்ணீர் கட்டிக்கொள்ளும், கடற்காற்றும் ஓயாது. மழை வலுக்கும்போது மந்தை முழுவதும் காற்றுக்கு முதுகைக் காட்டி, தலையைத் தொங்கப்போட்டு, வாலைப் பின்னங்கால்களுக்கு இடையே இடுக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். பிறந்து சில மாதங்களே ஆன குட்டிகள் தாயின் வயிற்றோரம் ஒதுங்கியிருக்கும். பார்ப்பவர் மனம் பதைக்கத்தான் செய்யும். ஒரு சாக்கையாவது போர்த்திவிடலாமே என்று தோன்றும்.

குதிரைக்குட்டி வளர்ப்பவர்கள் பலர் அதைத்தான் செய்கிறார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மார்கழிப் பனிக்குப் பயந்து பழைய கம்பளியைக் கட்டிவிடுவார்கள், சமவெளியில் சாக்கு. விடிந்து பார்த்தால் அது கிழிந்து, பாதி சேற்றில் கிடக்கும். குட்டி பல்லால் கடித்து இழுத்திருக்கும், மரத்தில் தேய்த்திருக்கும், கூட இருக்கும் இன்னொரு குட்டி விளையாட்டாகப் பிடித்து இழுத்திருக்கும். மறுநாள் இன்னும் தடித்த சாக்கைத் தேடி, கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டுவார்கள். அந்தக் கயிற்றில் குட்டியின் கால் சிக்கினால் எலும்பே முறியக்கூடும். கிழிப்பதைக் குறும்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே வேர்த்து அரிப்பெடுத்தாலும், உண்ணி இருந்தாலும், வார் தோளில் உரசினாலும் குட்டி அதைத்தான் செய்யும்.

சாக்கைக் கட்டுமுன் குட்டியின் உடம்பு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். பகல் பொழுது சுருங்கத் தொடங்கியதுமே குதிரைக்கு ரோமம் அடர்ந்துவிடும். குளிர் தட்டினால் ரோமக்கால்கள் நிமிர்ந்து, இடையில் ஒரு காற்றுப் படலம் தங்கும். உடல் சூட்டைக் காப்பது அந்தக் காற்றுதான். மேல்ரோமம் கூரைக் கீற்றைப் போல மழையைக் கீழே வழியவிடும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளின் மட்டக்குதிரைகள் இந்த ரோமத்தை நம்பித்தான் திறந்த வெளியில் குளிர்காலம் கழிக்கின்றன. வளர்ந்த குதிரை, நனையாமல் இருந்தால், சுமார் 5 டிகிரி செல்சியஸ் வரைகூடச் சிரமமின்றித் தாங்கும் என்பது கால்நடை மருத்துவர்களின் பொதுவான கணக்கு. கோடியக்கரை இருக்கும் வேதாரண்யம் கடற்கரையில் மார்கழி இரவும் அந்த அளவுக்குக் குளிராது.

பிறகு ஏன் குட்டி நடுங்குகிறது? ஈரத்தால். விடாமழையில் ரோமம் தோல்வரை நனைந்துவிட்டால் காற்றுப் படலம் போய்விடும். அதன் மேல் காற்றும் அடித்தால், வளர்ந்த குதிரைக்கு ஒன்றும் செய்யாத தட்பவெப்பம் குட்டியை ஒடுக்கிவிடும். சிறிய உடம்பு சூட்டைச் சீக்கிரம் இழக்கும். சேமித்த கொழுப்பும் குறைவு. சாக்கு இந்த இடத்தில் உதவாதது மட்டுமல்ல, கெடுதலும் செய்யும். அது ரோமத்தை அமுக்கிவிடும். நனைந்தபின் ஈரத்தைத் தோலோடு ஒட்டிவைத்து முதுகில் பொருக்குப் புண் வர வழிவிடும்.

வீட்டில் வளரும் குட்டிக்கு வேண்டியவை எளியவை. காற்று வரும் பக்கம் ஒரு தட்டி, மேலே ஒழுகாத கூரை, தண்ணீர் தேங்காத மேட்டுத் தரை, அதில் கனமாகப் பரப்பிய வைக்கோல். வைக்கோலில்தான் டெல்டாக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். மழையில் அறுத்த குறுவை வைக்கோல் பூஞ்சணம் பிடித்திருக்கும். அது குதிரையின் மூச்சுக்கும் குடலுக்கும் ஆகாது. தை அறுவடையில் போட்ட பழைய போரின் உட்பகுதியிலிருந்து உருவியதே நல்லது. நாளெல்லாம் மேயக் காய்ந்த புல்லும் வேண்டும். குதிரையின் பெருங்குடலில் நார்த்தீவனம் நொதித்துச் செரிக்கும்போது எழும் சூடு உள்ளிருந்து உடம்பைக் காக்கும். ஒரு வேளை கூடுதலாகக் கொள்ளு வைப்பது இதற்கு ஈடாகாது. அடர்ந்த ரோமம் மெலிவை மறைத்துவிடும் என்பதால் விரலை ரோமத்துக்குள் விட்டு விலா எலும்பைத் தடவிப் பார்க்க வேண்டும். எலும்பு துருத்திக்கொண்டு தட்டுப்பட்டால் தீவனம் போதவில்லை. நடுக்கம் நிற்காவிட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

கோடியக்கரைக் குட்டிகளுக்கோ தட்டி கட்டவும் வைக்கோல் பரப்பவும் ஆளில்லை. எப்போதோ மனிதர் வளர்த்து விட்டுவிட்ட குதிரைகளின் வழிவந்தவை இவை. காட்டுக்குள் இவற்றுக்குத் தட்டியும் கூரையும் பாலை மரங்களடர்ந்த உலர் பசுமைமாறாக் காடுதான். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது அந்தக் காட்டின் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. வெளிமான்களும் புள்ளிமான்களும் மட்டக்குதிரைகளும் மாண்டன. ஒதுங்க மேடு கிடைக்காத உயிர்கள் அவை.

இந்தக் குதிரைகளே அங்கு இருக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 1967-ல் சரணாலயம் அமைந்தது முதன்மையாக வெளிமானுக்காக. வெளிமான் மேயும் புல்லையே குதிரையும் மேய்கிறது. சீமைக்கருவேலம் வேறு புல்வெளியை விழுங்கி வருகிறது. ஆய்வாளர்களின் இந்தக் கவலையை ஒதுக்கிவிட முடியாது. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதோ, ஒரு பகுதியை வேறிடம் கொண்டுபோவதோ பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். அந்த முடிவு வரும்வரை குட்டிகள் ஆண்டுதோறும் மழையில் நிற்கட்டும் என்று விடுவது மட்டும் கூடாது. மேட்டு நிலம் விஷயத்தில் குதிரைக்கும் வெளிமானுக்கும் சண்டையும் இல்லை. வெள்ளத்தில் மான்குட்டியும் அதே மேட்டைத்தான் தேடி ஓடும்.

அசாமின் காசிரங்காவில் பிரம்மபுத்திரா வெள்ளத்திலிருந்து விலங்குகள் தப்பவென்றே செயற்கை மேடுகள் எழுப்பியிருக்கிறார்கள். காண்டாமிருகமும் மானும் அவற்றில் ஏறி நிற்கின்றன. கோடியக்கரையில் இயற்கையாக அமைந்த உயரமான இடம் ராமர் பாதம் இருக்கும் மணல்திட்டு. அதைப் போல உயரம் வேண்டாம், தண்ணீர் ஏறாத அளவுக்கு மண் மேடுகள் புல்வெளி ஓரங்களில் அமைந்தால் போதும். அவற்றின் கடற்பக்கத்தில் பாலையும் அந்த மண்ணுக்குரிய மற்ற மரங்களும் வளர்ந்தால் காற்றுத் தடுப்பும் ஆகும். சீமைக்கருவேலத்தை அகற்றும் பணியோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். 2002 முதல் ராம்சார் பட்டியலில் இருக்கும் சதுப்பு நிலம் இது. நீரோட்டத்தை மறிக்காமல் எங்கே மண் கொட்டலாம் என்பதை நிலவியல் அறிந்தவர்கள் குறித்துத் தர வேண்டும். பங்குனிக்கும் ஆடிக்கும் இடையே தரை காய்ந்திருக்கும்போதுதான் மண்வேலை நடக்கும். வனத்துறை இந்தக் கோடையிலேயே இரண்டு மூன்று இடங்களிலாவது தொடங்க வேண்டும்.