டிக் டிக் சத்தத்துக்கு டர்போவைக் கழற்றாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. காரே இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம், மார்க் குறைக்க மாட்டேன்.

இந்த ஒரு மாதத்தில் மூன்று பேர் ஒரே சந்தேகத்தோடு போன் செய்தார்கள். மூவரிடமும் பத்து வருடத்தைத் தாண்டிய டர்போ டீசல் கார். மூன்றிலும் எஞ்சினில் டிக் டிக் என்று ஒரு சத்தம். ஒர்க்‌ஷாப்பில் மூவருக்கும் கிடைத்த பதிலும் ஒன்றுதான்: "டர்போ போயிடுச்சு, மாத்தணும்." நான் இயற்பியல் வாத்தியார், மெக்கானிக் இல்லை. ஆனால் இந்தப் பதிலில் இயற்பியலே இடிக்கிறது.

டர்போ என்பது புகையின் வேகத்தில் சுற்றும் ஒரு சின்னச் சக்கரம். கார் இழுக்கும்போது அது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். ஒரு லட்சத்தை அறுபதால் வகுத்தால் விநாடிக்கு 1,600-க்கும் மேல். அந்தச் சக்கரம் எங்காவது உரசினால் நம் காதுக்கு அது விசிலாகவோ, ஊளையாகவோ, ரம்பம் அறுப்பது போலவோ கேட்குமே தவிர, தனித்தனி டிக்காகக் கேட்காது. வண்டி நின்றபடி ஓடும்போது டர்போ மெதுவாகத்தான் சுற்றும். அந்த மெதுவும் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில். பதினொன்றாம் வகுப்பில் அதிர்வெண் நடத்தியபோது தூங்கியவர்கள் இதையாவது கவனியுங்கள்.

சரி, டிக் எங்கிருந்துதான் வருகிறது? அதை எண்ணிப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். ஐட்லிங்கில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொள்வோம். நம் கார்கள் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். ஒரு சிலிண்டரில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் டீசல் எரியும், வால்வு திறக்கும், புகை வெளியேறும். அதனால் ஒரே ஒரு வால்விலோ, ஒரே ஒரு இன்ஜெக்டரிலோ, ஒரு சிலிண்டரின் புகை வழியிலோ கோளாறு இருந்தால் சத்தம் நிமிடத்துக்கு 400. கிராங்க் ஷாஃப்டோடு சேர்ந்த கோளாறு என்றால் பெரும்பாலும் சுற்றுக்கு ஒன்றாக 800. காதால் எண்ண முடியாத வேகம்தான். ஆனால் போனில் பதிவு செய்து கால் வேகத்தில் ஓடவிட்டால் 400 என்பது 100 ஆகிவிடும். பதினைந்து விநாடிக்கு 25. நாடி பிடித்துப் பார்ப்பதை விடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான்.

மூவரில் ஒருவன் வாடகைக்கு வண்டி ஓட்டும் என் பழைய மாணவன். கொல்லிமலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிறவன். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது வண்டி முன்போல இழுக்கவில்லை, கரும்புகை தள்ளுகிறது, கூடவே டிக் டிக். இழுவை குறைந்தது, புகை வருகிறது என்றதும் டர்போ மேல் பழி விழுந்துவிட்டது. சொன்ன தொகைக்கு மனைவியின் நகையை அடகு வைக்க எடுத்து வைத்துவிட்டான். "ரெண்டு நாள் பொறுடா" என்று வண்டியைக் கொண்டு வரச் சொன்னேன்.

இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தோம். சத்தம் பலமாக இருந்தது. பத்து நிமிடம் ஓடியதும் பாதியாகக் குறைந்தது. பதிவு செய்து கால் வேகத்தில் எண்ணினோம்: பதினைந்து விநாடிக்கு 25, 26. அப்படியானால் ஏதோ ஒரு சிலிண்டர். பிறகு எங்கள் தெரு மெக்கானிக்கை அழைத்தேன். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரிப் பட்டறையில் வேலை கற்றவர்கள் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். இரும்போடு இரும்பு மோதும் சத்தத்துக்கு அது போதும். காற்று கசியும் சத்தத்துக்கு ரப்பர் குழாய்தான் சரி. ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை மேனிஃபோல்டு ஓரமாக நகர்த்திக்கொண்டே போனார். மூன்றாவது சிலிண்டர் பக்கம் வந்ததும் சிரித்தார். அங்கே ஜாயின்ட்டில் கரி பூத்திருந்தது. ஒரு ஸ்டட் உடைந்திருந்தது.

விஷயம் இதுதான். புகை டர்போவுக்குப் போகும் முன்பே கசிகிறது. குளிர்ந்த இரும்பில் இடைவெளி பெரிது, சூடானால் விரிந்து கொஞ்சம் மூடிக்கொள்கிறது. அதனால்தான் காலையில் சத்தம் அதிகம். டர்போவுக்குச் சேர வேண்டிய வேகம் சேரவில்லை, அதனால் காற்றும் குறைவு, இழுவையும் குறைவு, கரும்புகை. உடைந்த ஸ்டட்டை லேத்தில் எடுத்து, புது கேஸ்கட் போட்டு முடித்தார்கள். டர்போவுக்குச் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை. டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றிச் சக்கரத்தையும் அசைத்துப் பார்த்தோம். லேசான பக்கவாட்டு ஆட்டம் இருக்கத்தான் செய்யும். முன்னும் பின்னும் ஆடக் கூடாது, கூட்டில் உரசக் கூடாது. இரண்டும் இல்லை. நகை பீரோவுக்குத் திரும்பிவிட்டது.

இதற்காக முதலில் பார்த்த ஒர்க்‌ஷாப்காரரைத் திட்ட மாட்டேன். திட்ட வேண்டியது நம் பழக்கத்தை. டாக்டரிடம் போனால் மருந்தே எழுதாவிட்டாலும் ஃபீஸ் கொடுக்கிறோம். மெக்கானிக் ஒரு மணி நேரம் காது கொடுத்துக் கேட்டு, "இதுல ஒண்ணும் இல்ல சார், ஓட்டுங்க" என்றால் "தேங்ஸ்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். பார்ட்ஸ் மாற்றினால்தான் அவருக்குக் காசு என்றால் அவர் பார்ட்ஸைத்தான் மாற்றுவார். எங்கள் தெரு மெக்கானிக்குக் கண்டுபிடித்ததற்கென்று தனியாக ஐந்நூறு ரூபாய் கொடுக்கச் சொன்னேன். வாங்கவே கூச்சப்பட்டார். இத்தனை வருடத் தொழிலில் இப்படி யாரும் கொடுத்ததில்லையாம்.

எல்லா டிக்கும் நோய் இல்லை. சென்னையில் இருக்கும் தங்கை மகனின் டர்போ பெட்ரோல் காரில் கேட்டது இன்ஜெக்டரின் இயல்பான சத்தம். புது வண்டியிலும் அது உண்டு. இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் காப்பர் வாஷர் கசிந்தால் அது வேறு: சஃப் சஃப் என்று கேட்கும், சுற்றிலும் தார் மாதிரி கரி பிடிக்கும்.

டேப்பட் சத்தத்தைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். ஆயிலில் இயங்கும் டேப்பட் உள்ள எஞ்சினில், காலையில் இரண்டு மூன்று விநாடி டிக் டிக் என்று அடித்து நின்றால் கவலை வேண்டாம். நிற்கவில்லை என்றால் முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பாருங்கள். பிறகு ஆயில் பிரஷரை கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு விளக்கை நம்பி இருக்க வேண்டாம். பிரஷர் மிகவும் இறங்கிய பிறகுதான் அது எரியும். டேப்பட்டுக்குப் போகும் அதே ஆயில்தான் டர்போ பேரிங்குக்கும் போகிறது. மேலே டேப்பட் பட்டினி கிடக்கிறது என்றால் டர்போவுக்கும் சாப்பாடு குறைகிறதோ என்று பார்த்தாக வேண்டும்.

இங்கேதான் சிலர் "கெட்டி ஆயில் ஊத்துங்க, சத்தம் நின்னுடும்" என்பார்கள். நிற்கலாம். அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்தினாலும் சத்தம் நிற்கும். 5டபிள்யூ-30 கேட்கும் எஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றினால், குளிர்ந்த காலை ஸ்டார்ட்டில் அது டர்போவுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். பழைய வண்டியை விற்கிறவர்களும் இந்த வித்தையைச் செய்வதுண்டு. வாங்கப் போகிறவர்கள் குளிர்ந்த எஞ்சினை உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

பட்டறை வைத்திருக்கும் என் மாணவர்களுக்கு ஒன்று. பழைய டீசல் எஞ்சினில் இன்ஜெக்டர் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிப்போம். காமன் ரெயில் எஞ்சினில் அதைச் செய்யவே கூடாது. டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 2 பார். அந்தக் குழாயில் ஆயிரம் பாரைத் தாண்டும். அந்தப் பீய்ச்சலில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்; வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், கையையே இழக்க நேரலாம். ஸ்கேனரில் சிலிண்டரை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஓடுகிற எஞ்சினைக் குனிந்து பார்க்கும் பெரியவர்கள் தோளில் இருக்கும் துண்டை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள்.

இவ்வளவு பொறுமையும் மேலே கேட்கும் மெல்லிய டிக்குக்குத்தான். எஞ்சினின் அடிப்பக்கத்திலிருந்து கனமாக டொக் டொக் என்று கேட்டு, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அது கூடினால் எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். கனெக்டிங் ராடு பேரிங்காக இருக்கலாம். அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்து, வேறு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். பட்டறை அடுத்த தெருவில் இருந்தாலும் சரி.