நூடில்ஸுக்கும் ஊட்டம் சேர்ப்போம்

நாவலப்பிட்டித் தாய்மார்களே! பேராதனையிலும் கண்டியிலும் அறையெடுத்துத் தங்கிப் பயிலும் நம் பிள்ளைகள் பலருக்கு உடனடி நூடில்ஸே இராப்போசனம். 1958ஆம் ஆண்டில் ஜப்பானில் மொமொஃபுக்கு அண்டோ உருவாக்கிய இவ்வுணவு பசியைத் தணிக்கும். ஆயினும் மாவும் எண்ணெயும் உப்புமே வயிற்றை நிரப்பினால் உடல் உரம்பெறுவது எங்ஙனம்?

நம் மலைநாட்டில் விளையும் கரட், லீக்ஸ், கோவா ஆகியவற்றை மெல்லியதாக அரிந்து, கொதிநீரில் முதலில் இடுக. அவை பாதி வெந்ததும் நூடில்ஸையும் ஒரு பிடி முருங்கையிலையையும் சேர்க்குக. ஒரு முட்டையை உடைத்தூற்றி நன்கு வேகவிட்டால் ஏறத்தாழ 6 கிராம் புரதம் கிடைக்கும். சுவைத்தூளில் பாதியே போதும். உப்பு மிகுதியும் அதிலேதான் உள்ளது. குறைந்த சுவையை மிளகுத்தூளும் தேசிக்காய்ச் சாறும் ஈடுசெய்யும்.

பிள்ளைகளை வழியனுப்பும்போது இம்முறையையும் கற்பித்தனுப்புங்கள்.