மணியைப் பார்த்து மாடு வாங்கலாமா?

பலமனேர் மாட்டுச் சந்தைக்குச் சென்று வந்தவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் கண்டிருப்பார்கள். மாடு வாங்க வந்தவர் எடுத்தவுடன் விலை கேட்பதில்லை. பல்லைப் பார்த்து வயதைக் கணிக்கிறார். நான்கு அடி நடத்திப் பார்க்கிறார். மடியைத் தொட்டுப் பார்க்கிறார். கறந்து காட்டச் சொல்கிறார். கழுத்தில் கட்டிய மணியையும் கொம்பில் பூசிய வண்ணத்தையும் அவர் பொருட்படுத்துவதே இல்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது பழமொழி. காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்க்காமல் விடக்கூடாது என்பது அதன் மறுபாதி. அதை நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட ஊரில், பழைய ஜீப் வாங்கும்போது மட்டும் இந்தச் சந்தை அறிவை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது ஏன் என்பதே நமது கேள்வி.

அண்மைக் காலமாகக் கிளைக்கு வரும் இளம் வாடிக்கையாளர்களிடம் ஒரு புதிய ஆர்வத்தைக் காண்கிறோம். பயன்படுத்திய தார், ஜிப்ஸி, கூர்க்கா போன்ற நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியை வாங்குகிறார்கள். குளிர்காலத்தில் இராஜஸ்தான் சென்று ஜெய்சல்மேர் மணல்மேடுகளில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கனவு. ஆசையில் தவறில்லை. வாலிபத்தில் பார்க்காத ஊரை வயோதிகத்தில் பார்த்துவிட முடியாது. ஆனால் வண்டியைத் தயார் செய்வதற்கென அவர்கள் கேட்கும் தனிநபர் கடனின் செலவுப் பட்டியலைப் பார்த்தால் நமக்குக் கவலை பிறக்கிறது. வண்டியை உயர்த்தும் கிட், பெரிய டயர்கள், கூரையில் விளக்குவரிசை, முன்புறத்தில் இரும்புக் காப்பு, வின்ச். அனைத்தும் மணியும் வண்ணமும்!

ஒரு வாடிக்கையாளரின் அனுபவத்தைப் பெயர் குறிப்பிடாமல் சொல்லலாம். அண்டை மாநிலத்திலிருந்து முழுத்தொகையும் கொடுத்து ஒரு வண்டியை வாங்கிவந்தார். மேற்சொன்ன பட்டியலோடு கடன் கேட்டு வந்தவரிடம் பதிவுச் சான்றைக் கேட்டோம். அதில் அவர் பெயர் இல்லை; அவருக்கு விற்றவரின் பெயரும் இல்லை. முதல் உரிமையாளரின் பெயரும், அதன்கீழ் ஒரு நிதி நிறுவனத்தின் கடன் குறிப்பும் இருந்தன. விற்றவர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். மாதக்கணக்கில் அலைந்து, மற்றொருவர் வாங்கிய கடனின் மிச்சத்தைத் தம் கைப்பணத்தில் அடைத்த பிறகே வண்டி அவருடையதாயிற்று. தங்கையின் திருமணத்திற்கென ஒதுக்கிய பணம் அது. அந்த ஆண்டு அவர் ஜெய்சல்மேர் போகவில்லை.

நாம் வணிகவியல் படித்தவர்கள். இயந்திரப் பொறியாளர்கள் அல்லர். ஆயினும் பணம் எந்த வரிசையில் செலவாக வேண்டும் என்று சொல்வது நமது தொழில். பழைய வண்டியைப் பாலைவனத்துக்குத் தயார் செய்வதில் முதற்செலவு காகிதத்துக்கு, இரண்டாவது செலவு வண்டியின் உயிர்நாடிகளுக்கு, மூன்றாவது செலவு மணலில் சிக்கினால் மீள்வதற்கு. அலங்காரத்துக்கு இடம் அதற்கும் பிறகே என்பது நமது உறுதியான கருத்து.

காகிதம் முதலில்

பலமனேர் மூன்று மாநிலங்கள் நெருங்கும் பகுதியில் இருக்கிறது. ஒருபுறம் கோலார், மறுபுறம் குடியாத்தம், வேலூர். ஆகவே இங்கு வாங்கப்படும் பழைய வண்டிகளில் பல வெளிமாநிலப் பதிவெண் கொண்டவை. அவற்றுக்குப் பதிவு செய்த அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். அது படிவம் 28. உரிமை மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30. வண்டியின்மீது கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35. வாங்கியவர் 30 நாள்களுக்குள் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். வெளிமாநில வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கு வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும். ஆந்திரத்தில் வாழ்நாள் வரியும் கட்ட வேண்டும். டில்லியில் பழைய டீசல் வண்டிகளுக்கு வந்த கட்டுப்பாடுகளால் அங்கிருந்து குறைந்த விலையில் வண்டிகள் தெற்கே வந்தன. விலையில் மிச்சம் பிடித்தது வரியில் கரைந்துவிடுமா என்று கணக்கிட்ட பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

பெயர் மாற்றத்தை விற்பவரும் அலட்சியம் செய்யலாகாது. வண்டி பல கை மாறியிருந்தாலும், விபத்து நேர்ந்தால் பதிவேட்டில் பெயருள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

காப்பீட்டையும் 14 நாள்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய உரிமையாளர் ஈட்டிய நோ கிளெய்ம் போனஸ் அவருக்குரியது, வண்டியோடு வருவதன்று. பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றில் நேரும் சேதத்துக்கு வழக்கமான பாலிசி பொறுப்பேற்காது. இயந்திரக் கோளாறுக்கும் அவ்வாறே. பாலிசியை மாற்றும்போதே மணற்பயணம் பற்றிக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பதில் பெறுவது நல்லது.

பல்லைப் பிடித்துப் பார்த்தல்

இனி வண்டிக்கு வருவோம். மணலில் வண்டி மெதுவாக நகர்கிறது. இயந்திரமோ முழுப்பலத்தோடு உழைக்கிறது. ரேடியேட்டருக்குக் காற்றோட்டம் குறைவு, வெளிவெப்பம் அதிகம். ஆகவே தார்ச்சாலையில் சாதுவாக ஓடிய வண்டி மணலில் அரைமணி நேரத்தில் கொதித்து நின்றுவிடலாம். ரேடியேட்டர், அதன் மூடி, ரப்பர்க் குழாய்கள், விசிறி, தண்ணீர்ப் பம்பு ஆகியவற்றைச் சோதித்து, கூலன்டைப் புதிதாக மாற்றுவதே பாலைவனத் தயாரிப்பின் முதற்படி. தூசி மிகுந்த நிலமாதலால் காற்று வடிகட்டி புதிதாக இருக்க வேண்டும். என்ஜின் ஆயில், கியர் ஆயில், முன் பின் டிஃபரன்ஷியல் ஆயில் அனைத்தையும் மாற்றி, அன்றிலிருந்து நமது கணக்கைத் தொடங்குவது நல்லது. பழைய உரிமையாளர் மாற்றியதாகச் சொன்னதை நம்பி இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகலாகாது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் மூத்து வெடித்திருந்தால் அது மணலுக்கு ஆகாது. ஸ்டெப்னி டயருக்கும் இதே சோதனை உண்டு. நான்கு சக்கர இயக்கத்தை விற்பவர் வாய்மொழியாக உறுதி கூறுவார், அது போதாது. மண்தரையில் நெம்புகோலைப் போட்டு நான்கு சக்கரங்களும் இழுக்கின்றனவா என்று காண வேண்டும். உலர்ந்த தார்ச்சாலையில் இச்சோதனை செய்தால் பற்சக்கரங்களுக்கே கேடு.

சென்னை 2015இலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மிதந்த ஊர். மூழ்கி எழுந்த வண்டிகள் மெருகேற்றப்பட்டு விற்பனைக்கு வருவதுண்டு. மிதியடி விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். இருக்கையின் அடித்தண்டவாளத்தில் துருவும், ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டலும் இருந்தால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.

நம்மிடம் செலவில்லாத பரீட்சைக்கூடம் ஒன்றும் இருக்கிறது. பங்காருபாளையத்திலிருந்து பலமனேருக்கு ஏறும் மொகிலி மலைப்பாதைதான் அது. ஒரு மெக்கானிக்கை உடன் அழைத்துக்கொண்டு, பகல் வேளையில், நிதானமாக ஏறும்போது வெப்பமுள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இறங்கும்போது பிரேக் வண்டியை ஒருபக்கமாக இழுக்கிறதா என்று பாருங்கள். விபத்துகளுக்குப் பெயர்போன பாதை என்பதால் வீரம் காட்ட வேண்டாம். மொகிலியில் தோற்ற வண்டி ஜெய்சல்மேரில் தேறாது.

கூட்டுவதா, குறைப்பதா?

மணலில் வண்டி ஓட்டும் கலைக்கு முன்னோடிகளுள் ஒருவர் ரால்ஃப் பேக்னால்ட் என்ற ஆங்கிலேயப் படைப் பொறியாளர். 1920களின் இறுதியிலும் 1930களிலும் அவர் லிபியப் பாலைவனத்தைச் சுற்றிவந்தது சாதாரண ஃபோர்டு கார்களில். அவற்றில் நான்கு சக்கர இயக்கம் கிடையாது. டயரின் காற்றைக் குறைத்தார். தேவையற்ற எடையைக் கழற்றினார். புதைந்த சக்கரத்தின் அடியில் இரும்புத் தகடுகளை இட்டு வெளியேறினார். ரேடியேட்டரில் கொதித்து வெளியேறும் நீராவியை ஒரு தகரக்குவளையில் பிடித்து மீண்டும் நீராக்கினார். 1940இல் நெடுந்தூரப் பாலைவனப் படைப்பிரிவை ஆறே வாரங்களில் உருவாக்கியபோது, அவருக்குக் கிடைத்த செவ்ரோலெட் லாரிகளில் ஒரு பகுதி எகிப்து இராணுவத்திடமிருந்து வந்தவை. அவற்றின் கதவுகளும் முன்கண்ணாடிகளும் கழற்றப்பட்டன, ஸ்பிரிங்குகள் வலுவாக்கப்பட்டன. மணலின் இயல்பைப் பற்றி அவர் எழுதிய நூல் 1941இல் வெளிவந்தது.

அவர் கண்டதன் சாரம் எளிது. எடை பரவினால் வண்டி மிதக்கும், குவிந்தால் புதையும். சாலையில் 30 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும் காற்றை, மணலில் 15 முதல் 18 வரை இறக்கினால் டயரின் தடம் நீண்டு பரவுகிறது. இதற்குச் செலவே இல்லை. அந்த நிலையில் வேகமும் கூர்மையான திருப்பமும் கூடாது. டயர் விளிம்பை விட்டுக் கழன்றுவிடும். சாலைக்குத் திரும்புமுன் மீண்டும் காற்றடைக்க வேண்டும். ஆகவே ஒரு நல்ல சிறிய கம்ப்ரசரும் காற்றழுத்தமானியும் மணலில் கூரை விளக்குவரிசையைவிட ஆயிரம் மடங்கு பயன்படும். கூரையில் ஏற்றும் இரும்போ எடையையும் கூட்டுகிறது, சரிவில் உருளும் ஆபத்தையும் கூட்டுகிறது.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. முன்புற இரும்புக் காப்புகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. கடன் வாங்கிப் பொருத்தி, அபராதம் கட்டி, கழற்றி வைப்பதற்கா இந்தச் செலவு?

சிக்கினால் மீள்வது

மூன்றாவது செலவு சிறிதே. ஒரு மண்வெட்டி, சேசிஸில் உறுதியாகப் பொருந்திய இழுவைக் கொக்கி, தரமான இழுவைப்பட்டை, சக்கரத்தின் அடியில் இடும் இரண்டு பலகைகள், ஜாக்கி மணலில் இறங்காமலிருக்க ஒரு கனத்த மரத்துண்டு. பம்பரில் கயிறு கட்டி இழுக்கலாகாது. இழுக்கும்போது பட்டைக்கு அருகில் ஒருவரும் நிற்கலாகாது, அறுந்த பட்டை உயிரையே பறிக்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் குடிநீரும் இரண்டாவதாக ஒரு வண்டியும் இல்லாமல் மணலில் இறங்கவே வேண்டாம்.

பழகுவதற்குக் கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயத்தையோ ஆற்றுப்படுகையையோ நாட வேண்டாம். அது யானைகளின் வாழிடம்; அனுமதியின்றி நுழைவது குற்றம். உரிமையாளரின் சம்மதத்தோடு, உழுது புழுதியாய்க் கிடக்கும் ஒரு நிலத்தில் பழகினாலே முதற்பாடம் வந்துவிடும். ஜெய்சல்மேரிலும் பாலைவனத் தேசியப் பூங்காவின் எல்லைகள் உண்டு; அழிவின் விளிம்பில் நிற்கும் கானமயிலின் வாழிடம் அது. உள்ளூர் வழிகாட்டியோடு, அனுமதிக்கப்பட்ட இடத்தில் மட்டுமே ஓட்ட வேண்டும்.

நமது ஆலோசனை இதுதான். கையில் 6 லட்சம் இருந்தால் 5 லட்ச ரூபாய் வண்டியைத் தேடுங்கள். மிச்சத்தைக் காகிதத்துக்கும் கூலன்டுக்கும் டயருக்கும் பிரேக்குக்கும் வையுங்கள். வண்டிக்காகக் கடன் தேவையெனில், விலை பேசுமுன் பதிவுச் சான்றின் நகலோடு கிளைக்கு வாருங்கள். அடமானக் கடனைவிடத் தனிநபர் கடனுக்கு வட்டி பொதுவாக அதிகம் என்பதை நினைவில் வைத்து, அலங்காரத்துக்காக அதை நாடாதீர்கள்.

கடன் கொடுப்பது வங்கியின் வியாபாரம். இந்தக் கடன் வேண்டாம் என்று வங்கியே சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் தவணை தவறிய வாடிக்கையாளரைக் காட்டிலும், மணலைக் கண்டு மகிழ்ந்து, வண்டியும் சேமிப்பும் சேதமின்றி ஊர் திரும்பி, அடுத்த தவணையைச் சிரித்த முகத்தோடு கட்டவரும் வாடிக்கையாளரையே நாம் விரும்புகிறோம். முன்னே சொன்ன அந்த இளைஞரும் அதற்கடுத்த குளிர்காலத்தில் போய்வந்தார். கூரையில் விளக்கில்லை, முன்புறத்தில் இரும்பில்லை. புதிய டயர்களும், தம் பெயரிலுள்ள பதிவுச் சான்றும் இருந்தன. அவை போதுமானவையாக இருந்தன.